வாராந்திர பிளாக் ஹாப்பில் சேர்வது எப்படி: புதிய பதிவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு பதிவர் (பிளாக் எழுதுபவர்) தம் தளத்தில் சுட்டிப் பட்டியல் (லிங்க் பட்டியல்) ஒன்றைத் திறந்துவைப்பார். மற்ற பதிவர்கள் அதில் தங்கள் இடுகையின் சுட்டியைச் சேர்த்துவிட்டு, பட்டியலில் உள்ள பிறருடைய இடுகைகளைப் படித்துப் பின்னூட்டம் இடுவார்கள். பிளாக் ஹாப் என்பது இவ்வளவுதான். இந்த எளிய காரியத்தில் நான் முதல் ஏழு வாரங்களை வீணாக்கினேன். சுட்டியைத் தவறாமல் இட்டேன். வாரந்தோறும் முப்பது நாற்பது பேரின் பதிவுகளுக்கு (பிளாக்குகளுக்கு) சென்றுவந்தேன். ஆனால் என் பதிவில் ஒரு பின்னூட்டம்கூட விழவில்லை. என் எழுத்து யாருக்கும் பிடிக்கவில்லை போலும் என்று ஒதுங்கிவிட இருந்த நேரத்தில், ஒரு பதிவர் என் தொடர்புப் படிவத்தைத் தேடிப்பிடித்து, "மூன்று வாரமாகப் பின்னூட்டம் இட முயல்கிறேன், உங்கள் பக்கத்தில் பெட்டியே தெரியவில்லை" என்று எழுதினார். அவர் எழுதியிராவிட்டால் நான் எட்டாவது வாரத்தோடு நின்றிருப்பேன்.

அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். இன்று புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் நான் எந்த வரிசையில் செய்வேனோ, அதே வரிசையில் எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஹாப்பில் நட்பு உருவாவது ஒரே ஆளை மூன்றாவது வாரமும் நான்காவது வாரமும் போய்ப் பார்க்கும்போதுதான். ஆகையால் கீழே உள்ள படிகள் அனைத்தும் ஒரு சிலரிடம் திரும்பத் திரும்பப் போவதற்கு நேரமும் தெம்பும் மிஞ்ச வேண்டும் என்ற கணக்கில் அமைந்தவை.

1. பின்னூட்டப் பெட்டி வெளியாட்களுக்குத் திறக்கிறதா என்று பாருங்கள்

ஹாப் எதையும் தேடுவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை இது. நாம் நம்முடைய பதிவுக்குள் எப்போதும் உள்நுழைந்த நிலையிலேயே இருப்பதால், வெளியிலிருந்து வருபவருக்கு அது எப்படித் தெரிகிறது என்பதைப் பார்க்கும் வாய்ப்பே நமக்குக் கிடைப்பதில்லை. உலாவியில் இன்காக்னிட்டோ சாளரத்தை (உங்கள் கணக்கில் உள்நுழையாத தனிச் சாளரத்தை) திறந்து, உங்கள் இடுகைக்கு ஒரு வழிப்போக்கரைப் போலச் சென்று, பின்னூட்டம் ஒன்றை இட்டுப் பாருங்கள். பிறகு இதே சோதனையைக் கைப்பேசியிலும் செய்யுங்கள். ஹாப்பில் வருகிறவர்களில் பலர் கைப்பேசியில்தான் படிக்கிறார்கள்.

கூகுளின் பிளாகர் தளத்தில் எழுதுபவர்கள், அமைப்புகளில் கருத்துகள் பகுதிக்குச் சென்று இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, யார் பின்னூட்டம் இடலாம் என்பது. எவரும் இடலாம், கூகுள் கணக்கு உள்ளவர்கள் இடலாம், பதிவின் உறுப்பினர்கள் மட்டும் இடலாம் என்று மூன்று வழிகள் அங்கே உண்டு. மூன்றாவது தேர்வாகியிருந்தால் ஹாப்பில் சேர்ந்து பயனில்லை. இரண்டாவது, பெட்டி எங்கே தோன்ற வேண்டும் என்பது. நான் மாட்டிக்கொண்டது இதில்தான். இடுகைக்குக் கீழேயே உட்பொதிந்து வரும் பெட்டி பார்ப்பதற்கு அழகாக இருக்கும். ஆனால் மூன்றாம் தரப்புக் குக்கிகளை (நாம் பார்க்கும் தளம் அல்லாத வேறு தளங்கள் உலாவியில் சேமிக்கும் சிறு குறிப்புகளை) தடுக்கும் உலாவிகளில் அது தோன்றாமலே போகலாம், அல்லது எழுதியதை விழுங்கிவிடலாம். தனிப் பக்கத்தில் திறக்கும்படி அமைப்பை மாற்றிய அன்றே எனக்கு நான்கு பின்னூட்டங்கள் வந்தன.

வேர்ட்பிரஸில் எழுதுபவர்கள் விவாத அமைப்புகளைப் பார்க்க வேண்டும். பதிவு செய்து உள்நுழைந்தவர்கள் மட்டுமே பின்னூட்டம் இடலாம் என்ற கட்டம் குறியிடப்பட்டிருந்தால் நீக்கிவிடுங்கள். குறிப்பிட்ட நாட்களுக்கு முந்தைய இடுகைகளில் பின்னூட்டத்தைத் தானாக மூடும் வசதியும் அங்கே இருக்கிறது. ஹாப்பில் அறிமுகமானவர் உங்கள் பழைய இடுகைகளைத் தேடிப் படிப்பார் என்பதால் அதையும் அணைத்துவிடுவது நல்லது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சுட்டிகள் உள்ள பின்னூட்டத்தை நிறுத்திவைப்பது வேர்ட்பிரஸின் இயல்பான அமைப்பு. ஆகவே மட்டுறுத்தல் வரிசையையும் (உங்கள் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் பின்னூட்டங்களையும்) ஸ்பேம் பெட்டியையும் ஹாப் நடக்கும் நாட்களில் காலை, மாலை இரு வேளையும் பாருங்கள். மட்டுறுத்தலை அறவே நீக்கச் சொல்லமாட்டேன்; முதன்முறை வருபவருக்கு மட்டும் வைத்துக்கொண்டால் போதும். படத்தில் தெரியும் எழுத்துகளைத் தட்டச்சு செய்யச் சொல்லும் சோதனை மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரே மாலையில் பத்துப் பதிவுகளுக்குப் போகிறவர் அதைக் கண்டதும் அடுத்த பதிவுக்கு நகர்ந்துவிடுவார்.

இதோடு சேர்ந்த இன்னொரு வேலையும் உண்டு. நீங்கள் பிறர் பதிவில் இடும் பின்னூட்டத்தில் உங்கள் பெயரைச் சொடுக்கினால் உங்கள் பதிவுக்கு வழி கிடைக்க வேண்டும். பிளாகர் சுயவிவரத்தைப் பொதுப்பார்வைக்குத் திறக்காமல் விட்டால், சொடுக்கியவருக்குச் சுயவிவரம் கிடைக்கவில்லை என்ற அறிவிப்பு மட்டுமே தெரியும். வேர்ட்பிரஸ் உலகில் உங்கள் படமும் பெயரும் கிராவதார் சேவையிலிருந்து, மின்னஞ்சல் முகவரியை அடையாளமாகக் கொண்டு வருகின்றன. அங்கே பதிவின் முகவரியைச் சேர்த்துவையுங்கள். எல்லா இடங்களிலும் ஒரே பெயர், ஒரே படம் இருப்பது அவசியம். மூன்று வாரத்தில் மூன்று படங்களை மாற்றுபவரை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

2. ஒரே ஒரு ஹாப்பைத் தேர்ந்தெடுங்கள்

ஹாப்கள் பல வகை. வேர்ட்லெஸ் வெட்னஸ்டே என்ற பெயரில் புதன்கிழமைகளில் சொற்களின்றிப் படம் மட்டும் இடுபவர்கள் இருக்கிறார்கள். ஃபிரைடே ஃபிக்‌ஷனியர்ஸ் குழுவில் வாரம் ஒரு படத்தைக் கொடுத்து 100 சொற்களில் கதை எழுதச் சொல்கிறார்கள். எழுத்தாளர்களுக்கான இன்செக்யூர் ரைட்டர்ஸ் சப்போர்ட் குரூப் மாதந்தோறும் முதல் புதன்கிழமை நடக்கிறது. தையல், தோட்டம், சமையல், நூல் வாசிப்பு என்று பொருள்வாரியாகவும், எதை வேண்டுமானாலும் இடலாம் என்று பொதுவாகவும் ஹாப்கள் நடக்கின்றன.

நட்பு வேண்டுமென்றால் பொருள்வாரியான, நடுத்தர அளவுள்ள ஹாப்பைத் தேர்ந்தெடுங்கள். இருநூறு சுட்டிகள் விழும் பட்டியலில் பெரும்பாலானவர்கள் சுட்டியைப் போட்டுவிட்டு மறைந்துவிடுவார்கள். ஐந்து பேர் உள்ள பட்டியல் எந்த வாரமும் நின்றுபோகலாம். இருபதிலிருந்து அறுபது சுட்டிகள் வரை விழுவது எனக்குச் சரியாக அமைந்தது. சேர்வதற்கு முன் கடந்த நான்கு வாரப் பட்டியல்களையும் திறந்து, நான்கிலும் வரும் பெயர்களை எண்ணிப் பாருங்கள். பத்துப் பேராவது தொடர்ந்து வந்திருந்தால் அது உயிருள்ள ஹாப். அடுத்து, அவர்களில் மூன்று பேரின் இடுகைகளுக்குச் சென்று, பின்னூட்டங்களுக்கு எழுதியவர் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். நடத்துபவரே எவருக்கும் பதில் சொல்லாத ஹாப்பில் மற்றவர்களும் சொல்லமாட்டார்கள். இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம்தான் ஆகும். நான் அதைச் செய்யாமல் ஒரே நேரத்தில் நான்கு ஹாப்களில் சேர்ந்து, எதிலும் நிலைக்காமல் போனேன்.

3. விதிகளில் மறைந்திருக்கும் சம்மதங்களைப் படியுங்கள்

ஒவ்வொரு ஹாப்புக்கும் விதிகள் உண்டு. அவை பெரும்பாலும் பட்டியலுக்கு மேலே சிறிய எழுத்தில் இருக்கும். நடத்துபவரின் பதிவைத் தொடர வேண்டும், உங்களுக்கு முன் சுட்டி இட்ட இருவர் அல்லது மூவரின் இடுகைக்குப் பின்னூட்டம் இட வேண்டும், உங்கள் இடுகையில் ஹாப்புக்குத் திரும்புசுட்டி (ஹாப் பக்கத்துக்கு அழைத்துச் செல்லும் சுட்டி) தர வேண்டும், கடைப் பக்கங்களையும் பரிசுப் போட்டிகளையும் இடக்கூடாது, போன வாரம் இட்ட இடுகையை மீண்டும் இடக்கூடாது என்பவை வழக்கமானவை. திரும்புசுட்டி தரத் தவறியவர்களின் சுட்டியை அறிவிப்பில்லாமல் நீக்கும் ஹாப்களும் இருக்கின்றன.

இவற்றோடு இரண்டு சம்மதங்களும் விதிகளுக்குள் வரும். சுட்டி இடுவதன் மூலம் வாராந்திர நினைவூட்டல் மின்னஞ்சலுக்குச் சம்மதிக்கிறீர்கள் என்பது ஒன்று. உங்கள் படத்தை எடுத்து அடுத்த வாரச் சிறப்புப் பகுதியிலும் சமூக ஊடகங்களிலும் வெளியிட அனுமதிக்கிறீர்கள் என்பது மற்றொன்று. முதலாவதற்காக ஹாப்களுக்கென்று தனி மின்னஞ்சல் முகவரி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதில் கவனம் வேண்டும். குழந்தைகளின் முகமோ வீட்டு வாசலோ தெரியும் படத்தை ஹாப்புக்கு இடும் இடுகையில் முதல் படமாக வைக்காதீர்கள். கைப்பேசிப் படங்களில் எடுத்த இடத்தின் விவரமும் பதிந்திருக்கக்கூடும். பதிவேற்றும் முன் அதை நீக்கிவிடுங்கள்.

4. கையில் இருக்க வேண்டியவை

பட்டியல் திறந்த பிறகு தேடிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். ஒரு குறிப்புக் கோப்பில் இவற்றை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: இடுகையின் முழு முகவரி, எப்போதும் பயன்படுத்தும் பெயர், இடுகையின் தலைப்பு, ஹாப்புக்கான மின்னஞ்சல், திரும்புசுட்டிக்கான வரி அல்லது பொத்தானின் எச்.டி.எம்.எல். நிரல். இடுகையில் ஒரு சதுரப் படமாவது இருக்கட்டும். பட்டியல் கருவிகள் சிறுபடத்தைப் பெரும்பாலும் சதுரமாகத்தான் வெட்டுகின்றன. அகலமான படத்தின் ஓரத்தில் நீங்கள் எழுதிய தலைப்பு பாதியில் அறுந்து, பொருள் மாறித் தெரியும்.

இடுகையின் முகவரி என்று சொல்வதில் மூன்று பொறிகள் இருக்கின்றன. பதிவின் முகப்பு முகவரியை இட்டால், அடுத்த வாரம் வருபவருக்கு அங்கே வேறு இடுகைதான் தெரியும். எழுதும் பக்கத்திலிருந்தோ பிரிவியூ பக்கத்திலிருந்தோ முகவரியை நகலெடுத்தால், உங்களைத் தவிர யாருக்கும் அது திறக்காது. நேரம் குறித்துவைத்த இடுகை வெளியாகும் முன்பே சுட்டியைச் சேர்த்தால், முதலில் வருகிறவர்கள் பக்கம் இல்லை என்ற அறிவிப்பைப் பார்த்துத் திரும்புவார்கள். மூன்றையும் நானே செய்திருக்கிறேன். இடுகை வெளியான பிறகு, இன்காக்னிட்டோ சாளரத்தில் திறந்து, அங்கிருந்து முகவரியை நகலெடுப்பதே பாதுகாப்பு.

இவற்றைத் தவிர உங்கள் பதிவில் ‘என்னைப் பற்றி’ என்ற பக்கமும் இருக்க வேண்டும். நான்கு வரி போதும். யார், எதைப் பற்றி எழுதுகிறார், எப்படித் தொடர்புகொள்வது என்ற மூன்றும் அதில் இருந்தால், இரண்டாம் முறை வருபவர் உங்களோடு பேசுவதற்கு ஒரு பிடி கிடைக்கும்.

5. நேரத்தை உங்கள் கடிகாரத்துக்கு மாற்றுங்கள்

ஹாப் திறக்கும் நேரம் நடத்துபவரின் ஊர் நேரத்தில்தான் அறிவிக்கப்படும். நியூயார்க் நேரப்படி புதன்கிழமை நள்ளிரவு 12.01 என்று இருந்தால், குளிர்காலத்தில் அது யு.டி.சி. (உலகப் பொது நேரம்) 5.01, கோடைக்காலக் கடிகார மாற்றத்துக்குப் பிறகு 4.01. அமெரிக்காவில் கடிகாரத்தை மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு மாற்றுகிறார்கள், ஐரோப்பாவில் அதே மாதத்தின் கடைசி ஞாயிறு மாற்றுகிறார்கள். ஐரோப்பாவிலிருந்து சேர்பவர்களுக்கு இடைப்பட்ட இரண்டு மூன்று வாரங்களில் வழக்கமான கணக்கு ஒரு மணி நேரம் பிசகும். இலையுதிர் காலத்தில் ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறும், அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறும் மாற்றுவதால் மீண்டும் ஒரு வாரம் குழப்பம் வரும். நாட்காட்டிச் செயலியில் நடத்துபவரின் நேர மண்டலத்திலேயே நினைவூட்டலைப் பதிந்துவைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

திறந்த சில மணி நேரத்துக்குள் சுட்டி இடுவது நல்லது. பட்டியலின் மேற்பகுதிக்குத்தான் அதிகம் பேர் வருகிறார்கள் என்பது என் அனுபவம். ஆனால் முதல் ஆளாக நிற்க விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டியதில்லை. மூடும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சில பட்டியல்கள் இரண்டே நாட்களில் மூடிவிடும்.

6. சுட்டியை இடுங்கள்

இன்லிங்க்ஸ், மிஸ்டர் லிங்க்கி போன்ற கருவிகளில் முகவரி, தலைப்பு அல்லது பெயர், மின்னஞ்சல் ஆகியவற்றை நிரப்பி, படத்தைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. கருவி இல்லாத ஹாப்களில் நடத்துபவரின் இடுகைக்குக் கீழே பின்னூட்டமாகச் சுட்டியை இட வேண்டும். இட்ட பிறகு பட்டியலில் உங்கள் சுட்டியை ஒருமுறை சொடுக்கிப் பாருங்கள்.

பட்டியல் முழுவதையும் உங்கள் பதிவிலும் காட்டச் சொல்லும் ஹாப்களும் உண்டு. வேர்ட்பிரஸ் டாட் காமின் இலவசத் திட்டத்தில் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் வேலை செய்யாது என்பதால், அங்கே பட்டியலுக்கு ஒரு சுட்டி மட்டும் கொடுத்தால் போதும். நடத்துபவர்களுக்கு இது தெரியும், குற்றமாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

7. பின்னூட்டம் எழுதுவது

ஹாப்பின் மொத்த வேலையில் முக்கால் பங்கு இதுதான். பதிவுலகில் மொய் என்று ஒரு சொல் உண்டு: நீ எனக்கு ஒரு பின்னூட்டம் இட்டாய், நான் உனக்கு ஒன்று இட்டேன், கணக்கு தீர்ந்தது. "அருமையான பதிவு, பகிர்வுக்கு நன்றி" என்ற டெம்ப்ளேட் பின்னூட்டம் அந்த வகையைச் சேர்ந்தது. எழுதியவருக்கு அதில் பதில் சொல்ல எதுவும் இல்லை. நன்றி என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்.

ஒரு பதிவர் பழைய சுவர்க்கடிகாரத்தைப் பழுதுபார்த்ததைப் பற்றி எழுதியிருந்தார். அருமை, சூப்பர், வாழ்த்துகள் என்று அதன் கீழே பதினெட்டுப் பின்னூட்டங்கள் இருந்தன. நான் இப்படி எழுதினேன்: "மூன்றாவது படத்தில் ஊசல் குண்டின் அடியில் ஒரு சிறு திருகு தெரிகிறது. அதை நீங்கள் ஏற்றினீர்களா, இறக்கினீர்களா? எங்கள் வீட்டுக் கடிகாரம் நாளுக்கு ஆறு நிமிடம் பிந்துகிறது." இரண்டு மணி நேரத்தில் பதில் வந்தது. பிந்தினால் குண்டை மேலே ஏற்ற வேண்டும், ஒரு சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம், ஒரு நாள் விட்டுப் பார்த்து மறுபடி திருப்புங்கள் என்று பொறுமையாக விளக்கியிருந்தார். அடுத்த வாரம் என்னுடைய இடுகைக்கு அவர் வந்தார், அந்த இடுகைக்குச் சிறிதும் தொடர்பில்லாமல், "கடிகாரம் இப்போது எப்படி ஓடுகிறது?" என்று கேட்டிருந்தார்.

ஆகவே இடுகையை இறுதிவரை படித்து, அதில் உள்ள ஒரு சிறு பொருளைக் குறிப்பிட்டு, பதில் சொல்லக்கூடிய ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். நான்கைந்து கேள்விகளை அடுக்கினால் விசாரணை போல ஆகிவிடும். எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டுவதையும், கேளாத அறிவுரையையும் அறிமுகக் காலத்தில் தவிர்த்துவிடுங்கள். பின்னூட்டத்தின் கீழே உங்கள் பதிவின் முகவரியை ஒட்டாதீர்கள். பெயரிலேயே சுட்டி இருக்கிறது, அது போதும்.

ஒரே வாசகத்தை நகலெடுத்துப் பல பதிவுகளில் ஒட்டுவதில் மரியாதைக் குறைவைத் தவிர வேறோர் ஆபத்தும் உண்டு. அகிஸ்மெட் போன்ற ஸ்பேம் வடிகட்டிகள் எண்ணற்ற தளங்களுக்குப் பொதுவானவை. ஓரிடத்தில் உங்களை ஸ்பேம் என்று அது முடிவு செய்துவிட்டால், பிறகு நீங்கள் வேறு தளங்களில் எழுதுவதும் குப்பைப் பெட்டிக்குப் போகக்கூடும். உங்களுக்குத் தகவலும் வராது. இட்ட பின்னூட்டங்கள் பல பதிவுகளில் ஒரே நேரத்தில் காணாமல் போனால், அகிஸ்மெட்டின் தொடர்புப் படிவத்தில் முறையிடுங்கள். தெரிந்த பதிவர்களிடம் ஸ்பேம் பெட்டியிலிருந்து உங்கள் பின்னூட்டத்தை மீட்டு, ஸ்பேம் அல்ல என்று குறிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் இடுகைக்கு வரும் பின்னூட்டங்களுக்கு இரண்டு நாட்களுக்குள் பதில் எழுதிவிடுங்கள். பதில் வந்திருப்பது பின்னூட்டம் இட்டவருக்குப் பெரும்பாலும் தெரியாது. அவருடைய பதிவுக்கே போய் ஒரு பின்னூட்டம் இடுவதுதான் அவரைத் திரும்ப அழைக்கும் வழி.

8. இரண்டாம் மாதம்: ஆறு பேர்

எட்டு வாரம் முடிந்ததும், உங்கள் பதிவுக்கு மூன்று முறைக்கு மேல் வந்தவர்களின் பெயர்களை எழுதிப் பாருங்கள். ஐந்தாறு பேர் தேறுவார்கள். இவர்களுடைய இடுகைகளை ஹாப் நாளுக்குக் காத்திராமல் படிக்க, புதிய இடுகைகளை ஓரிடத்தில் திரட்டிக் காட்டும் செய்தியோடை வாசிப்பான் ஒன்றில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபீட்லி போன்ற வாசிப்பான்களில் பதிவின் முகவரியைக் கொடுத்தாலே ஓடையைப் பெரும்பாலும் அதுவே கண்டுபிடித்துவிடும். நான் ஒரு குறிப்பேடும் வைத்திருக்கிறேன்: அவருடைய நாய்க்கு அறுவை சிகிச்சை, இவருடைய மகனுக்குத் தேர்வு என்று ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே ஒரு வரி. உளவு வேலை போலத் தோன்றலாம். ஆனால் மறதிக்காரனாகிய எனக்கு அது இல்லாமல் முடியாது.

பின்னூட்டத்திலிருந்து மின்னஞ்சலுக்குப் போவதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். அவர் கேட்ட குறிப்பை அனுப்புவது, ஒருவர் பதிவில் மற்றவர் விருந்தினராக எழுதலாமா என்று கேட்பது போன்றவை நல்ல காரணங்கள். ஹாப் நடத்துபவர் அனைவருக்கும் அனுப்பிய மின்னஞ்சலில் தெரியும் முகவரியை எடுத்து எழுதாதீர்கள். நீங்கள் எழுத விரும்புபவரின் பதிவில் தரப்பட்டிருக்கும் தொடர்பு வழியையே பயன்படுத்துங்கள். அறிமுகமாகி ஓரிரு மாதத்தில் பணமோ, கணக்கு விவரமோ, வீட்டு முகவரியோ கேட்பவரிடமிருந்து விலகிக்கொள்ளுங்கள்.

9. செலவு

ஹாப்பில் சேரப் பொதுவாகக் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் ஹாப்பில் சேர வேண்டியதில்லை. பிளாகரும் வேர்ட்பிரஸ் டாட் காமின் அடிப்படைத் திட்டமும் இலவசம். சொந்த டொமைன் பெயர் (உங்களுக்கே உரிய இணைய முகவரி) வாங்கினால் ஆண்டுக் கட்டணம் உண்டு; முதல் ஆண்டின் சலுகை விலையைப் பார்த்து வாங்காமல், புதுப்பிப்புக் கட்டணத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

உண்மையான செலவு நேரம். ஓர் இடுகையை ஒழுங்காகப் படித்துப் பின்னூட்டம் எழுத எனக்கு ஏழு எட்டு நிமிடம் பிடிக்கிறது. வாரம் பத்து இடுகைகள் என்றால் ஒன்றேகால் மணி நேரம். வந்த பின்னூட்டங்களுக்குப் பதில் எழுத இன்னொரு மணி நேரம். இரண்டேகால் மணி நேரம் ஒதுக்க முடியாத வாரத்தில் சுட்டி இடாமல் இருப்பதே நேர்மை.

சுட்டிகளைப் பரிமாறிக்கொண்டால் தேடுபொறியில் முன்னேறலாம் என்ற எண்ணத்தோடு வருபவர்களும் இருக்கிறார்கள். தேடல் தரவரிசைக்காக அளவுக்கு மீறிச் சுட்டிகளைப் பரிமாறிக்கொள்வதைக் கூகுள் தன் விதிகளில் ஸ்பேமாகவே வகைப்படுத்தியிருக்கிறது. ஹாப்புக்கான திரும்புசுட்டியில், இதைத் தரவரிசைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் நோஃபாலோ குறியைச் சேர்த்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. சேர்க்கக்கூடாது என்று விதி போடும் ஹாப் இருந்தால், அதை விட்டுவிட்டு வேறொன்றைப் பாருங்கள்.

10. விடுப்பு எடுக்கும்போது

ஒருநாள் வர முடியாமல் போகும். அப்போது சொல்லாமல் மறையாமல், கடைசி இடுகையின் கீழே ஒரு வரியும், நடத்துபவருக்கு ஒரு பின்னூட்டமும் எழுதிவிட்டுச் செல்லுங்கள். திரும்பி வரும் வாரத்தில் முதலில் உங்கள் சுட்டியை இடாதீர்கள். அந்த ஆறு பேரின் பதிவுகளுக்குப் போய், விட்டுப்போன இடுகைகளில் ஒவ்வொன்றையாவது படித்துப் பின்னூட்டம் இட்டுவிட்டு, பிறகு பட்டியலுக்கு வாருங்கள்.